யானையின் கண்ணில் ஃபோகஸ்: முதுமலைக்கு கேமராவோடு போகிறவர்களுக்கு

[திரையில்: உண்ணிப் புதருக்குப் பின்னால் பாதி மறைந்த பிடியானை. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு கன்று.]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தாயின் கால்களுக்கு நடுவிலிருந்து கன்று எட்டிப் பார்க்கிறது. மாலை வெயில் பக்கவாட்டில் விழுகிறது. இப்போது பெரிதாக்குகிறேன்.

[படம் பெரிதாகிறது.]

புதரின் ஒரு குச்சி தெரிகிறதா? அதன் பொடி முள் வரைக்கும் துல்லியமாக விழுந்திருக்கிறது. கன்றின் முகமோ மூடுபனிக்குள் இருப்பது போல மங்கிக் கிடக்கிறது. முதுமலையில் நான் எடுத்த படம் இது. பல முறை சஃபாரி போய்க் காத்திருந்த பிறகு அமைந்த காட்சி. அந்த முள் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. உங்களுக்கு அது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வீடியோ.

‘யானை எவ்வளவு பெரிய விலங்கு! அதில் போய் ஃபோகஸ் தவறுமா?’ என்று பலரும் கேட்கிறார்கள். தவறும். ஆட்டோஃபோகஸ் வேலை செய்ய வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பு வேண்டும். மர நிழலில் நிற்கும் யானையின் உடல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். கேமராவுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. வெயில் பட்டு மின்னும் புல்லையோ, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியையோ, தந்தத்தின் நுனியையோ அது பிடித்துக்கொள்கிறது. முதுமலையில் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதால் இந்தத் தொல்லை இரட்டிப்பு.

ஆகவே ஃபோகஸ் பரப்பை கேமராவின் விருப்பத்திற்கு விடாதீர்கள். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள். யானையின் கண் சின்னது. தும்பிக்கை தொடங்கும் இடத்திற்குப் பக்கவாட்டில், நீண்ட இமை மயிர்களுக்குக் கீழே, பெரும்பாலும் நிழலுக்குள் இருக்கும். யானை நேருக்கு நேர் பார்க்கும்போது நெற்றியும் தும்பிக்கையின் அடிப்பகுதியும் கண்ணைவிட முன்னால் வந்துவிடுகின்றன. நெற்றியில் ஃபோகஸ் செய்தால் கண் நழுவிவிடும். புதிய கேமராக்களில் விலங்குகளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. திறந்தவெளியில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். புதர்க்காட்டில் ஒற்றைப் புள்ளியைத்தான் நான் நம்புகிறேன்.

[திரையில்: பக்கவாட்டில் நிற்கும் யானைத் தலை. தும்பிக்கை நுனியிலிருந்து காது வரை ஒரு கோடு.]

இங்கே ஒரு கணக்கு. முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமரா, 400 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு, எஃப் 5.6. இந்த எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். யானை 20 மீட்டரில் நிற்கிறது. படத்தில் துல்லியமாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 85 சென்டிமீட்டர். யானை உங்களை நோக்கித் தும்பிக்கையை நீட்டினால், அதன் நுனிக்கும் கண்ணுக்கும் இடையே அதைவிட அதிக தூரம் இருக்கும். எஃப் 8-க்கு மாற்றினால் ஆழம் 1.2 மீட்டர் ஆகிறது. அதே எஃப் 5.6-இல் யானை 50 மீட்டருக்கு அப்பால் நின்றால் 5 மீட்டருக்கு மேல் கிடைக்கிறது! கன்றும் தாயும் ஒன்றாகவே தெளிந்துவிடுவார்கள். கிட்டே போனால்தான் நல்ல படம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். தள்ளி நிற்பது யானைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது, ஃபோகஸுக்கும் நல்லது.

தனி யானைக்கு எஃப் 5.6 முதல் 8 வரை. கூட்டத்திற்கு எஃப் 8 அல்லது 11. அப்பர்ச்சரைப் பற்றி இது போதும்.

ஃபோகஸ் முறையில், நகரும் விலங்கை விடாமல் பின்தொடரும் ‘தொடர் ஃபோகஸ்’ வைத்துக்கொள்ளுங்கள். சில கேமராக்களில் ஏஎஃப்-சி என்றும் சிலவற்றில் ஏஐ சர்வோ என்றும் இருக்கும். கூடவே, ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்து, பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் பொத்தானுக்குக் கொடுத்துவிடுங்கள். பழக ஒரு வாரம் ஆகும். யானை நடக்கும்போது கட்டைவிரலை அழுத்திக்கொண்டே தொடர்கிறீர்கள். ஒரு புதர் குறுக்கே வருகிறது. விரலை எடுத்துவிடுகிறீர்கள். ஃபோகஸ் புதருக்குத் தாவாமல் விட்ட தூரத்திலேயே நிற்கிறது. யானை மறுபக்கம் வந்ததும் மறுபடி அழுத்துகிறீர்கள். என் கன்றுப் படத்தைக் கெடுத்த குச்சிக்கு மருந்து இதுதான்.

[திரையில்: மண்ணை வாரி முதுகில் வீசும் யானை, மெதுவான அசைவில்.]

அடுத்தது ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். யானை மெதுவாக நடப்பதாகத் தோன்றும். ஆனால் காது ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கும், தும்பிக்கை சும்மா இருக்காது. அசையாமல் நிற்கும் யானைக்கு 1/250 விநாடி போதும் என்றாலும் கையில் தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் இருக்கும்போது 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள். மண் வீசும்போதும் கன்று ஓடும்போதும் 1/1000. தண்ணீர்த் துளிகள் தனித்தனியாக நிற்க வேண்டுமானால் 1/2000.

முதுமலையில் வனத்துறை வண்டியில்தான் சஃபாரி போகிறோம். பக்கத்தில் இருப்பவர் எழுந்து உட்கார்ந்தாலே வண்டி ஆடும். இன்ஜினை அணைக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ஜன்னல் கம்பிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். நூறு ரூபாய்த் துண்டு செய்யும் உதவியை விலை உயர்ந்த முக்காலியால் அந்த வண்டிக்குள் செய்ய முடியாது.

வெளிச்சத்திற்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடலாம். மாலையில் அது 3200-க்கு ஏறினாலும் பதறாதீர்கள். படத்தில் வரும் புள்ளி இரைச்சலைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். அசைந்து மங்கிய கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெளிச்ச அளவில்தான் யானை பலரை ஏமாற்றுகிறது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக மாற்றுவதே கேமராவின் பழக்கம். குளித்து ஏறிய கரிய யானை சட்டகத்தை நிறைத்தால், கேமரா அதை வெளுத்துக் காட்டிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 0.3 முதல் 0.7 வரை இறக்குங்கள். யானைக்குப் பின்னால் வெளிறிய வானமோ பளபளக்கும் நீரோ இருந்தால் நேர்மாறு. பிளஸ் 0.7 அல்லது 1 வைக்காவிட்டால் யானை வெறும் கறுப்பு உருவமாகிவிடும். கர்நாடகத்தின் கபினி அணையின் பின்நீர்ப் பகுதிக்குக் கோடையில் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அங்கே நீர் வற்றிப் புல் முளைத்த கரையில் யானைகள் நிற்கும், பின்னால் முழுக்க மின்னும் நீர்.

கேமராவின் எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. மசினகுடிப் பக்கத்து வறண்ட காட்டில் கோடை வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானல், தூரத்து யானையின் உருவத்தையே நெளியச் செய்யும். ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் குழைந்து விழும். லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். காலையிலும் மாலையிலும் எடுங்கள்.

இதையெல்லாம் காட்டு யானையின் முன்னால் போய்ப் பழகாதீர்கள். தெப்பக்காடு யானைகள் முகாமில் உணவு கொடுக்கும் நேரத்தைப் பார்வையாளர்கள் பார்க்கலாம். அதே தோல், அதே கண், அதே மரநிழல். அங்கே ஒரு மணி நேரம் கட்டைவிரலைப் பழக்குங்கள்.

[திரையில்: கொம்பன் யானையின் முகம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கரிய ஈரக்கோடு.]

கடைசியாக, கண்ணைத் தேடும்போது அதன் பக்கத்திலும் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கன்னத்தில் வழியும் இந்தக் கோடு மதநீர். இதைக் கண்டால் வண்டி பின்வாங்க வேண்டும். மதம் இல்லாத யானையும், மேய்வதைச் சட்டென்று நிறுத்தி, காதை விரித்து, உங்களையே பார்த்து அசையாமல் நின்றால் அது எச்சரிக்கை. வியூஃபைண்டரில் அந்த நொடி மிக அழகாகத் தெரியும். காது விரிந்திருக்கும், முகம் நேராக இருக்கும், கண்ணில் ஃபோகஸ் பச்சையாக எரியும். ஓட்டுநர் ‘போதும், கிளம்பலாம்’ என்றால் கேமராவை மடியில் இறக்கிவிடுங்கள். இன்னும் ஒரு படம் என்று கேட்காதீர்கள்.