எரேமியா 29:11 படிக்கிறதுக்கு முன்னாடி 10ம் வசனத்தையும் படிங்க

எல்லாருக்கும் வணக்கம். வேலை போயிடுச்சு, ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரல, பிள்ளைங்களோட எதிர்காலம் என்ன ஆகும்னு தெரியல, இந்த மாதிரி நேரத்துல யாராவது ஒருத்தர் கண்டிப்பா நமக்கு அனுப்புற வசனம் ஒண்ணு இருக்கு.

(திரையில்: எரேமியா 29:11)

"நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எனக்கு ரொம்ப பிடிச்ச வசனம் இது. ஆனா இதை தனியா வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ்ல போடும்போது, கவலைப்படாதீங்க சீக்கிரம் எல்லாம் சரியாயிடும்னு கடவுள் சொல்ற மாதிரி ஆயிடுது, அப்புறம் சீக்கிரம் சரியாகலன்னா அந்த ஆளு என்ன நினைப்பாரு, ஒண்ணு என் விசுவாசம் பத்தலன்னு நினைப்பாரு, இல்லன்னா கடவுள் என்னை மறந்துட்டாருன்னு நினைப்பாரு. ரெண்டுமே இந்த வசனம் சொல்லாத விஷயம். அதனால இது யாருக்கு, எப்போ, எந்த நிலைமைல எழுதப்பட்டதுன்னு இந்த வீடியோல பார்ப்போம்.

(திரையில்: எருசலேம், பாபிலோன் மேப்)

கி.மு. 597. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை பிடிச்சு, எகொனியா ராஜாவையும் ராஜமாதாவையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் எல்லாரையும் சிறைபிடிச்சு பாபிலோனுக்கு கொண்டு போயிட்டான். கொஞ்ச தூரம் இல்லங்க அது. பின்னாடி எஸ்றாங்கற ஆசாரியர் பாபிலோன்ல இருந்து எருசலேமுக்கு வந்தப்போ 4 மாசம் ஆச்சுன்னு வேதமே சொல்லுது. வீடு, நிலம், ஆலயம் எல்லாத்தையும் விட்டுட்டு போன இந்த ஜனங்க மனசுல இருந்தது ஒரே கேள்விதான், நாங்க எப்போ திரும்பி போவோம்?

இதுக்கு ரெண்டு பேர் பதில் சொன்னாங்க. ஒருத்தர் தன்னை தீர்க்கதரிசின்னு சொல்லிக்கிட்ட அனனியா, கிபியோன் ஊர்க்காரர். இன்னொருத்தர் எருசலேம்லயே இருந்த எரேமியா தீர்க்கதரிசி. அனனியா ஆலயத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, ரெண்டே வருஷம், பாபிலோன் ராஜாவோட நுகத்தை கர்த்தர் முறிச்சாரு, போனவங்க எல்லாரும் திரும்பி வருவாங்கன்னு சொன்னாரு. கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு! அப்போ எரேமியா பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கறதுக்கு அடையாளமா கழுத்துல ஒரு மர நுகத்தை போட்டுட்டு இருந்தாரு. அனனியா சொன்னதை கேட்டதும் அவர் முதல்ல என்ன சொன்னாரு தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." இந்த இடத்துல நான் எப்பவும் கொஞ்ச நேரம் நின்னுடுவேன். ஏன்னா அவரும் அந்த ஜனங்களை நேசிச்சவர்தான், அவங்க சீக்கிரம் திரும்பி வரணும்னு அவருக்கும் ஆசை இருந்துச்சு, ஆனா தன்னோட ஆசையை கர்த்தர் சொன்னதா மாத்தி சொல்ல அவர் தயாரா இல்ல. அனனியா அந்த நுகத்தை பிடுங்கி உடைச்சுட்டாரு, எரேமியா ஒண்ணும் சொல்லாம தன் வழியில போயிட்டாரு. பிறகுதான் கர்த்தர் சொல்றாரு, மர நுகம் போய் இரும்பு நுகம் வரும்னு. இது நடந்தது அஞ்சாம் மாசம், அதே வருஷம் ஏழாம் மாசம் அனனியா இறந்துட்டாரு.

இன்னைக்கும் தேதி குறிச்சு கொடுக்கிற தீர்க்கதரிசனத்துக்கு கூட்டம் சேருது. இந்த மாசம் முடியறதுக்குள்ள உனக்கு வழி திறக்கும்னு சொன்னா மனசு லேசாகும், உண்மைதான். ஆனா மாசம் முடிஞ்சதும் அந்த மனசை யார் தாங்குறது? உடைஞ்சு போன மனுஷங்ககிட்ட கடவுள் பேரை சொல்லி அவர் சொல்லாத தேதியை கொடுக்கிறது பெரிய கொடுமைன்னு நான் நம்புறேன்.

இப்போ எரேமியாவோட பதிலுக்கு வருவோம். அவர் பாபிலோன்ல இருக்கிறவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதி, எகொனியாவுக்கு அப்புறம் எருசலேம்ல ராஜாவான சிதேக்கியா நேபுகாத்நேச்சாருக்கு அனுப்பின ஆளுங்க கையிலயே கொடுத்து அனுப்புறாரு. அதுல முதல்ல இருக்கிறது வாக்குத்தத்தம் இல்ல, வேலை! வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட கனியை சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்களை பெத்துக்கங்க, அந்த பிள்ளைங்களுக்கும் கல்யாணம் பண்ணி வைங்க, அங்க குறைஞ்சு போகாம பெருகுங்க. அதோட, உங்களை சிறைபிடிச்சுட்டு போன அந்த பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கன்னும் சொல்றாரு, அதுக்கு சமாதானம் இருந்தாதான் உங்களுக்கும் சமாதானம் இருக்கும்னு. எதிரியோட ஊருங்க அது! இதை படிச்சவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. செமாயான்னு ஒருத்தர் கோவப்பட்டு, இந்த எரேமியாவை ஏன் இன்னும் கண்டிக்காம விட்டு வச்சிருக்கீங்கன்னு எருசலேமுக்கு லெட்டரே எழுதிட்டாரு.

(திரையில்: எரேமியா 29:10)

அடுத்து 10ம் வசனம். பாபிலோனுக்கு 70 வருஷம் நிறைவேறினதுக்கு அப்புறம் நான் உங்களை சந்திச்சு திரும்பி வரப்பண்ணுவேன். எழுபது வருஷம். இதைச் சொல்லிட்டுதான் 11ம் வசனம் வருது. லெட்டரை படிக்க கேட்ட பெரியவங்க பலபேருக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிருக்கும், நாம திரும்பி போகமாட்டோம், நம்ம பேரப்பிள்ளைங்கதான் போவாங்கன்னு. அவங்களைப் பார்த்துதான் கர்த்தர் சொல்றாரு, என் நினைவுகள் தீமைக்கல்ல. அப்போ சமாதானத்துக்கேதுவான நினைவுன்னா நாம கேட்டது நாம கேட்ட நேரத்துல கிடைக்கிறது மட்டும் இல்ல, அந்த 70 வருஷத்துக்கு நடுவுல போடுற தோட்டமும் பிறக்கிற குழந்தையும் கூட அந்த திட்டத்துக்குள்ளதான் இருக்கு. காத்திருக்கிற காலம் வீணாப்போற காலம் இல்லன்னு நான் சொல்றது இதை வச்சுதான்.

சரி, திட்டத்தை நம்புறவங்க கேள்வியே கேட்கக்கூடாதா? 32ம் அதிகாரத்துக்கு வாங்க. இப்போ நிலைமை இன்னும் மோசம், எருசலேமை பாபிலோன் சேனை சுத்தி வளைச்சிருக்கு, எரேமியா காவற்சாலை முற்றத்துல அடைபட்டிருக்காரு. அவரோட பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்துல இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கோன்னு கேக்குறாரு. எதிரி கைக்கு போகப்போற நிலம். ஆனா கர்த்தர் இதை முன்னாடியே சொல்லியிருந்ததால எரேமியா 17 சேக்கல் வெள்ளியை, அதாவது சுமார் 200 கிராம், நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வச்சு பத்திரம் எழுதி, ரொம்ப நாள் பத்திரமா இருக்கணும்னு அதை மண்பாண்டத்துல வைக்கச் சொல்லி தனக்கு எழுத்து வேலை செய்யுற பாருக்குகிட்ட கொடுக்கிறாரு.

எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் ஜெபம் பண்றாரு, அந்த ஜெபத்தை அவசியம் முழுசா படிங்க. "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை"ன்னு ஆரம்பிக்கிறவர், முடிக்கும்போது என்ன சொல்றாருன்னா, நகரம் கல்தேயர் (அதாவது பாபிலோன்காரங்க) கையில கொடுக்கப்பட்டிருக்கே ஆண்டவரே, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்றீரே! அவருக்கு புரியல. புரியாமலே வாங்கிட்டாரு, வாங்கிட்டு புரியலன்னு கடவுள்கிட்டயே போய் சொல்றாரு. கர்த்தர் அவரை திட்டல, எரேமியா சொன்ன அதே வார்த்தையை எடுத்து அவர்கிட்டயே திருப்பி கேக்குறாரு, என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு ஜெபிச்சதையும் இதோட சேர்த்து பாருங்க, இந்த பாத்திரம் என்னைவிட்டு நீங்கணும்னு கேட்டவரும் அவர்தான், உம்முடைய சித்தம் ஆகட்டும்னு சொன்னவரும் அவர்தான். அதனால அழுதுட்டே நம்புறவங்க, கேட்டுட்டே நம்புறவங்க, உங்க விசுவாசம் குறைவுன்னு யாரும் சொல்ல விடாதீங்க.

(திரையில்: கி.மு. 586, 539, 538)

அப்புறம் என்ன ஆச்சுன்னு வேகமா சொல்லிடறேன். 586ல எருசலேமும் ஆலயமும் அழிஞ்சுது. 539ல பெர்சியா ராஜா கோரேஸ்கிட்ட பாபிலோன் விழுந்துச்சு, அடுத்த வருஷமே யூதர் திரும்பி போகலாம்னு கட்டளை வந்துச்சு. எரேமியா மூலமா கர்த்தர் சொன்னது நிறைவேறத்தான் இது நடந்துச்சுன்னு எஸ்றா புத்தகத்தோட முதல் வசனமே சொல்லுது. பாபிலோனுக்கு சிறைபிடிக்கப்பட்டு போன தானியேல், வயசான காலத்துல எரேமியா எழுதினதை படிச்சு 70 வருஷக் கணக்கை தெரிஞ்சுக்கிறாரு. தெரிஞ்சதும் சும்மா உக்காரல, உபவாசம் இருந்து, ஜனங்களோட பாவத்தை அறிக்கை பண்ணி ஜெபிக்கிறாரு.

ஆனா எருசலேம் அழிஞ்சதை பாத்த எரேமியா, ஜனங்க திரும்பி வந்ததை பாக்கல. மிச்சம் இருந்த ஜனங்க அவரை வலுக்கட்டாயமா எகிப்துக்கு கூட்டிட்டு போயிட்டாங்க, அவர் கடைசியா பேசினதா நாம பாக்கிறது அங்கதான், வாங்கின நிலத்துல அவர் விதைச்சதா எங்கயும் எழுதியிருக்கல. எபிரெயர் 11ல வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாம, தூரத்துல அதை கண்டு நம்பி, விசுவாசத்தோட மரிச்சவங்களைப் பத்தி படிக்கும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

இப்போ உங்களுக்கு தெரிஞ்ச யாராவது பதில் கிடைக்காம காத்துட்டு இருக்காங்கன்னா, 11ம் வசனத்தை தாராளமா அனுப்புங்க, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. ஒரு போன் பண்ணுங்க, முடிஞ்சா நேர்ல போங்க, இது எப்போ முடியும்னு அவங்க கேட்டா தெரியலன்னு உண்மையை சொல்லுங்க, இன்னைக்கு உங்களுக்கு என்ன செஞ்சு தரட்டும்னு கேளுங்க, அவங்க அழுதா அழ விடுங்க, கூடவே உக்காந்து ஜெபம் பண்ணுங்க.