கட்டரை எடுக்கும் முன்: செட்டிநாட்டு வீடுகளில் கேபிள் வெட்டுவது எப்படி?

[காட்சி: கானாடுகாத்தான் வீடு ஒன்றின் வளவு. தேக்குப் பட்டையில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயர்.]

குரல்: எந்தக் கட்டர் வாங்கலாம் என்று பிறகு பார்ப்போம். இந்த வயருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீட்டில் பங்குக்கு ஒரு மீட்டர் இருக்கலாம். முகப்பில் ஒரு மெயினை அணைத்தாலும், அடுத்த பங்குக்குப் போகும் வயர் அதே சுவரில் 230 வோல்ட்டோடு ஓடிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் லைனும் அப்படித்தான். சுவிட்சை அணைப்பது போதவே போதாது. பழைய வயரிங்கில் சுவிட்சை நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியில் போட்டிருந்தால், விளக்கு அணைந்த பிறகும் பேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, உயிரோடு அங்கேயே இருக்கும்.

ஆகவே எல்லா மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையே என்று ஆச்சி யாரையாவது அனுப்பி மெயினைப் போடச் சொல்லிவிடக்கூடும். வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

[காட்சி: மல்டிமீட்டர்.]

மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் மீட்டரைச் சோதியுங்கள். அடுத்து வெட்டப்போகும் வயர், பிறகு மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க மீண்டும் முதல் இடம். சிறு விளக்கு எரியும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த மர ஏணியில் நிற்கும்போது அது எரியாமலே போகலாம்.

[காட்சி: மேசையில் கருவிகள்.]

1.5, 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு நல்ல கட்டிங் பிளேயர் போதும். 16 சதுர மில்லிமீட்டர் கேபிளை அதனால் நெரித்தால் இழைகள் தட்டையாகி விரியும், முனையில் மாட்டும் உலோகக் குப்பியான லக்குக்குள் நுழையாது. அதற்குக் கிளிமூக்காக வளைந்த வாயுள்ள கேபிள் கட்டர் வேண்டும். அது கேபிளைச் சுற்றிப் பிடித்து வட்டம் குலையாமல் வெட்டும். எவ்வளவு பருமன் வரை தாங்கும் என்பதைக் கட்டரிலேயே பாருங்கள். கைப்பிடியில் குழாயைச் செருகி அழுத்தாதீர்கள். இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிளில் செம்பு, அலுமினியம் வெட்டும் கட்டரை வைத்தால் அதன் வெட்டும் அலகு உடையும். கவசத்தை ஹேக்சாவால் அறுங்கள்.

கைப்பிடியில் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருந்தால்தான் அது மின்காப்புச் சோதனைக்கு உட்பட்ட கருவி. வெறும் பிளாஸ்டிக் உறை பிடிமானத்துக்கு மட்டுமே. முத்திரை இருந்தாலும் மின்சாரம் உள்ள வயரை வெட்டக் கூடாது. பேஸும் நியூட்ரலும் அலகில் ஒருசேரப் பட்டால் முகத்துக்கு நேரே தீப்பொறி வெடிக்கும்.

கண்ணாடி அணிந்து, வெட்டுப்படும் முனையைத் தரைப்பக்கம் திருப்பி வெட்டுங்கள். பழைய ரப்பர் உறை வயரை வளைத்து இழுக்காதீர்கள். உறை பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே வந்துவிடும்.

மீட்டருக்கு முன்னால் உள்ள சர்வீஸ் வயரில் மட்டும் கை வைக்காதீர்கள். வீட்டு மெயின் எதை அணைத்தாலும் அதில் மின்சாரம் நிற்காது. அதை மின்வாரிய ஊழியர்தான் துண்டிக்க வேண்டும்.