எலி ஏறாத தடுப்பு

அவையோருக்கு வணக்கம்.

மூளை, கிடைக்கும் பலனையும் அதற்கான உழைப்பையும் எடைபோடும் ஒரு தராசு என்று மேடையில் சொல்லிவிடலாம். அதன் முள் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் பேச்சாளருக்கு நா வறளும். அதனால் இன்று ஓர் எலியைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன்.

1990களில் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜான் சலமோன் குழுவினர் ஆங்கில 'டி' எழுத்தைப் போல ஒரு பாதை அமைத்தார்கள். ஒரு கிளையில் 4 தீனி உருண்டைகள், மறு கிளையில் 2. நான்கு இருக்கும் பக்கம் மட்டும் 44 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தடுப்பு. எலிக்கு அது மதில்சுவர்தான். ஆனாலும் எலிகள் பெரும்பாலும் ஏறிக் குதித்து நான்கையே தின்றன.

பிறகு, மூளையின் ஆழத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதியில், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைக் குறைத்தார்கள். எலிகள் இரண்டு உருண்டைப் பக்கம் திரும்பிவிட்டன.

உணவின் மேல் ஆசை போய்விட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? தடுப்பை எடுத்ததும் அதே எலிகள் நான்கை நோக்கித்தான் ஓடின. ஏறுகிற வலு போயிற்றா? அதுவும் இல்லை. மறுபக்கம் ஒன்றுமே வைக்காதபோது, மெதுவாகவேனும் ஏறத்தான் செய்தன. பசி இருந்தது, கால் இருந்தது, நான்கு பெரிது என்ற கணக்கும் இருந்தது. உழைப்பின் விலைதான் ஏறிவிட்டது.

டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. இந்த எலி என் சாட்சி. மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழாத பிள்ளையைச் 'சோம்பேறி' என்று திட்டும் பெற்றோரைப் பார்க்கும்போதும் அந்த 44 சென்டிமீட்டர்தான் என் நினைவுக்கு வருகிறது. நமக்கு வாசற்படியாகத் தெரிவது அந்தப் பிள்ளைக்கு மதிலாக இருக்கலாம்.

மனிதருக்கு இன்னொன்றும் நேரலாம். விலைப்பட்டியல் முழுதாக இருக்கும். எடைக்கல் காணாமல் போயிருக்கும். நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்மூளையின் அடிப்பகுதி சேதமானவர், அறிவில் குறையில்லை. அடுத்த முறை வருவதற்கு இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று கேட்டார் டமாசியோ. நோயாளி தன் குறிப்பேட்டைப் புரட்டினார். அன்றைக்கு வேறு வேலை உண்டா, வானிலை எப்படி இருக்கும் என்று இரண்டுக்கும் சாதகபாதகங்களை அடுக்கினார். ஏறக்குறைய அரை மணி நேரம்! மேசையைத் தட்டிக் கத்தாமல் டமாசியோ எப்படிப் பொறுத்தாரோ. கடைசியில் டமாசியோவே, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்று அமைதியாகச் சொன்னார்.

'சரி' என்றார் நோயாளி. குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.