தூரத்துப் பச்சை

அவைத் தலைவர் அவர்களே, கண்காட்சியைத் திறந்துவைத்த கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்பு நாற்பது நிமிடம் பேசி என் வேலையைக் குறைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே, நாற்காலிகளையெல்லாம் பெரியவர்களுக்குப் போட்டுவிட்டு நின்றபடி கேட்கும் மாணவர்களே, வணக்கம்.

நிலக்காட்சி ஓவியத்தில் ஆழம் எப்படி வருகிறது என்று பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்வேன்: காற்று, விளிம்பு, அளவு.

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பார்கள். ஏமாந்துவிடாதே என்று எச்சரிக்கும் பழமொழி. எனக்கு அதுவே வண்ணப் பாடம். அதைக் கற்றது ஒரு மலையடியில்.

மாணவனாக இருந்தபோது அந்த மலையை வரைந்தேன். குழாயைப் பிதுக்கி, பச்சையைக் கலக்காமல் அப்படியே அப்பினேன். ஆசிரியர் வந்தார். வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இந்த மலை உன் மடியில் உட்கார்ந்திருக்கிறதே, கனக்கவில்லையா?" என்றார். "மலை பச்சைதானே ஐயா, மேலே மரங்கள் இருக்கின்றன" என்றேன். "மரத்தைப் பார்த்தாயா, இருக்கும் என்று நினைத்தாயா?" பதில் வரவில்லை. ஓர் அட்டையை எடுத்து, நடுவில் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். "கையை நீட்டிப் பிடி. ஒரு கண்ணை மூடு." பிடித்தேன். ஓட்டைக்குள் மலையும் இல்லை, மரமும் இல்லை. சாம்பல் கலந்த வெளிர்நீலம் ஒரு சொட்டு நின்றது. பிறகு ஓர் இலையைப் பறித்து ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த இலைதான் என் மலையின் நிறம்! சுற்றியிருந்தவர்கள் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

காரணம் காற்று. எதிரே நிற்கும் மலைக்கும் நம் கண்ணுக்கும் இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்த ஒளி மலையின் இருண்ட பகுதிகள்மேல் படிந்ததுபோல் தெரிவதால் முதலில் வெளிறுவது நிழல்தான். தொலைவிலுள்ள நிழலில் கறுப்பை வைத்தீர்களோ, ஆழம் போயிற்று. லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் இதை எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்பே, 1072இல், சீன ஓவியர் குவோ சி தம் 'முன்வசந்தம்' ஓவியத்தில் மலையின் இடையை மூடுபனிக்குள் கரையவிட்டு, பெரும்பாலும் மையாலேயே தொலைவைக் காட்டினார். தூரத்துப் பச்சை குளிர்ச்சி. அவர் பச்சையை நம்பவில்லை, குளிர்ச்சி மட்டும் வந்துவிட்டது!

விளிம்பு: அருகில் கூர்மை, தொலைவில் மென்மை. அவ்வளவுதான்.

இப்போது என் வழக்கமான புகாருக்கு வருகிறேன். அவைத் தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். இங்கே மாட்டியிருக்கும் படங்களில் பல, கைப்பேசிப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? நிழலெல்லாம் கரியாக இருக்கிறது. மலை எறும்புப் புற்றாகச் சுருங்கியிருக்கிறது. அகலக் காட்சி லென்ஸ் அருகிலுள்ளதைப் பெருக்கி, தொலைவிலுள்ளதைச் சிறுக்கவைக்கும். வெளியே போய் நின்றவனுக்கு அந்த மலை இவ்வளவு சிறிதாகத் தெரியாது. தூரத்துப் பச்சையைத் தூரத்தில் நின்று பார்க்காமல் திரையில் பார்த்தால் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. அளவைப் பற்றிப் பேச முடியவில்லை, மன்னியுங்கள். முதல்வர் அம்மையாருக்கு ஒரே விண்ணப்பம்: அடுத்த ஆண்டுப் போட்டியில் நிலக்காட்சிப் பிரிவை வெளியிலேயே நடத்துங்கள். கைப்பேசிகளை வாயிலில் வாங்கிவைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஓட்டை அட்டை கொடுங்கள். அட்டைகளை நானே குத்தித் தருகிறேன்.