கடற்கரை வீட்டில் கிட்டார் கவர்: மைக் வாங்குவதற்கு முன்னால்

(திரை கறுப்பாக இருக்கிறது. பத்து விநாடி கிட்டார் பதிவு மட்டும் ஓடுகிறது.)

கேட்டீர்களா? கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது, இல்லையா? பின்னால் வரும் 'உஸ்' ஆடி மாதக் காற்று. நடுவில் டக டக என்று போவது நாட்டுப்படகு. கடைசியில் "சாப்பிட வாடா" என்பது எங்க அம்மா. இதுதான் நான் பதிவு செய்த முதல் கவர், அதாவது வேறொருவர் பாட்டை நானே வாசித்து எடுத்த வீடியோ.

(இரண்டாவது பதிவு. படம் தெளிகிறது: சன்னலோரம் நாற்காலி, மடியில் கிட்டார்.)

இது போன வாரம் எடுத்தது. அதே கிட்டார், அதே போன், ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் அதே வீடு. நல்ல மைக் இல்லாததுதான் கோளாறு என்று நினைத்து ஒரு வருடம் காசு சேர்த்தேன். மைக் இன்னும் வாங்கவில்லை. பதிவு செய்யும் நேரத்தையும், அறையையும், போன் வைக்கும் இடத்தையும் மாற்றினேன், ஒலிக்கு மட்டும் வீட்டிலிருந்த இன்னொரு போனைச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நமக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து சன்னல் இடுக்கெல்லாம் விசிலடிக்கும். அதற்கு முன்னால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். கையில் காசு இருக்காது, ஆனால் கரையில் சத்தமும் இருக்காது. என் நல்ல பதிவுகள் பாதி அந்த நாட்களில் எடுத்தவைதான்.

ஒரு நாளுக்குள் என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம். லுஹர் பாங்கு முடிந்திருக்கும், அஸர் பாங்குக்கு நேரம் இருக்கும், தெருவே சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை. ஃப்ரிட்ஜையும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அதன் மோட்டார் முனகல் பதிவில் நிச்சயம் விழும். நிறுத்தும்போதே பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் போட்டுவிடுங்கள். வெளியே கிளம்பச் சாவியைத் தேடும்போது ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும். ஒருமுறை மறந்துபோய் ஒன்றரைக் கிலோ சீலா மீன் வீணாகி, நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

(கை தட்டுகிறார். அறை எதிரொலிக்கிறது.)

இப்போது அறை. இப்படி ஒரு தடவை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒரு வால் வருகிறதே, அதுதான் அந்தக் கிணற்றுச் சத்தம். சிமெண்ட் சுவர், ஓட்டுத்தரை, வெறும் கூரை, எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்காருங்கள். இலவம்பஞ்சு மெத்தையை முதுகுப் பக்கச் சுவரில் சாய்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கொடி கட்டிப் போர்வையை இரட்டையாக மடித்துத் தொங்கவிடுங்கள். மறுபடி தட்டினால் வால் அறுந்திருக்கும். நம் ஊர்ப் பையன்கள் பின்னணிக்கு மீன்வலை கட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நைலான் வலை ஒலியை உறிஞ்சாது, ஓலைப்பாயும் பெரிதாக உதவாது. கனமான, பஞ்சு மாதிரியான பொருள் வேண்டும்.

(கிட்டாரின் நெருக்கக் காட்சி.)

அடுத்து, போனை எங்கே வைப்பது? நான் மிக அதிகமாகச் சொதப்பியது இங்கேதான். ஒலி இந்த வட்டத் துவாரத்திலிருந்து வருகிறது என்று எண்ணி அதற்கு நேராகவே வைத்தேன். கிட்டார் வயிற்றுக்குள் இருக்கும் காற்று கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸில் தானாக அதிரும். ஐந்தாவது கம்பி ஏ, 110 ஹெர்ட்ஸ். அதைத் தொட்டாலே 'பும்' என்று வீங்கி மற்ற கம்பிகளை மூடிவிடும். அதனால் துவாரத்தை விட்டு விலகி, பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) எதிரே, ஒரு சாணுக்கு மேல் ஒரு முழத்துக்குள் வையுங்கள். மைக் சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனைதான் கிட்டாரைப் பார்க்க வேண்டும். கீழே ஒரு தலையணை போட்டுவிட்டால் காலால் தாளம் தட்டுவது ஏறாது.

படம் எடுக்கும் போனிலேயே ஒலியையும் எடுக்காதீர்கள். கேமரா செயலியின் ஒலிப்பதிவு பெரும்பாலும் பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. நீங்கள் ஓங்கி வாசித்தால் அமுக்கும், ஒரு சுரத்தை நீளவிட்டால் இரைச்சல் என்று நினைத்து அதன் வாலை வெட்டும், நிறுத்தினால் கடல் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். வீட்டில் இருக்கும் இன்னொரு போனைக் கேளுங்கள். நான் அப்பாவிடம் வாங்குகிறேன். பதிவுச் செயலியில் தானியங்கி ஒலியளவை அணைத்து, வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். இருப்பதிலேயே ஓங்கி வரும் இடத்தை முதலில் வாசித்து, செயலியின் ஒலியளவு மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழியும், அதைப் பிறகு தைக்க முடியாது. அப்பாவுக்கு போன் வந்துவிடும், ஃபிளைட் மோடில் போடுங்கள்.

படமும் ஒலியும் தனித்தனி போனில் இருப்பதால், இரண்டிலும் பதிவு ஓட ஆரம்பித்ததும் கேமரா முன்னால் ஒரு கைத்தட்டு, முடிக்கும்போது இன்னொன்று. எடிட் செய்யும்போது கை சேரும் ஃபிரேமையும் ஒலி அலையில் எழும் முள்ளையும் சேர்த்துவிட்டால் போதும். முதல் தட்டு சேர்ந்து கடைசித் தட்டு விலகினால், ஒலியை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் அந்த அளவுக்கு இழுத்துக்கொள்ளலாம். கேட்டுச் சரிபார்க்க வயர் இயர்போனே போடுங்கள். ப்ளூடூத்தில் தாமதமாக வந்த ஒலியை நம்பி நான் சரியாக இருந்த வீடியோவையே கெடுத்திருக்கிறேன்.

(படத்தில் கம்பிகள் பாம்பு போல நெளிகின்றன.)

இது கிராஃபிக்ஸ் இல்லை. வெயில் அதிகமாக இருந்தால் போன் ஷட்டரை (ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/1000 விநாடி வரைக்கும் கொண்டுபோய்விடும். கேமரா ஒரு ஃபிரேமை மொத்தமாக அள்ளாமல் வரி வரியாகப் படிப்பதால், அதிரும் கம்பி ஒவ்வொரு வரியிலும் வேறு இடத்தில் பிடிபடுகிறது. மேனுவல் முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் கம்பி கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே மங்கலாக விரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் பட்டை பட்டையாக ஓடுவதும் இதில் நின்றுபோகும். வெளிச்சம் மிஞ்சினால் சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். முகம் சன்னலைப் பார்க்கட்டும். கடல் தெரிய வேண்டும் என்று சன்னலுக்கு முதுகு காட்டினால் கடல்தான் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்று வாசிக்கிற ஆசை எனக்கும் உண்டு. அங்கே காற்றில் ஒலிப்பதிவு நடக்காது. வீட்டில் எடுத்ததை ஒற்றை இயர்போனில் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்துப் படத்தை மட்டும் எடுங்கள். ஆரம்பத்தில் நான்கு 'டிக்' எண்ணிக்கை வைத்திருந்தால் கை தப்பாது. திரும்பி வந்ததும் கம்பியைப் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. உப்பு அங்கேதான் உட்காரும். உறையில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் கிடக்கட்டும்.

ஒன்று மட்டும். அசல் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு வாசிக்காதீர்கள். நீங்களே முழுக்க வாசித்தாலும் மெட்டு உங்களுடையது ஆகாது. யூடியூப் அதைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம். காசை எதிர்பார்த்து இதில் இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

சரி, மணி மூன்றே கால். ஒரு தடவை டியூன் பார்த்துவிட்டு முழுப் பாட்டையும் எடுத்துக் காட்டுகிறேன்.

(உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "டேய், ஃப்ரிட்ஜைப் போட்டியா இல்லையா?")