ஒரே வைரஸ் குடும்பம், மரு மட்டும் ஏன் ஆளுக்கொரு தினுசு?

[திரையில்: உள்ளங்கால், நெருக்கமான காட்சி]

என் சித்தப்பாவுக்கு உள்ளங்காலில் காசு அகலத்துக்கு ஒன்று தடித்திருந்தது. மேலூர்ப் பக்கம் வயல் வரப்பில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர், கால் ஆணி என்று அவரே முடிவு செய்து மாதக்கணக்கில் பிளேடால் சீவிக்கொண்டே இருந்தார். சீவச் சீவ உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன, ரத்தமும் வந்தது. அது ஆணி இல்லை, மரு.

மருவைக் கொண்டுவருவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, பெயருக்குப் பதில் எண்தான். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகத் தோலின் அடி அடுக்குக்குப் போய் அங்குள்ள செல்லில் குடியேறும், அந்தச் செல் மேலே ஏற ஏற வைரஸும் பெருகும், தோலும் தடிக்கும். எந்த இடத்துத் தோல் பிடிக்கும், எவ்வளவு தடிக்க வைக்கும் என்பது வகைக்கு வகை மாறுகிறது.

சித்தப்பாவுக்கு வந்தது போல ஒற்றையாக, ஆழமாக, ஊன்றினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் மரு பெரும்பாலும் 1-ஆம் வகையின் வேலை. உடம்பின் பாரம் அழுத்துவதால் வெளியே வளர வழியில்லாமல் உள்ளே இறங்கிவிடும். அதே பாதத்தில் 2, 27, 57 வகைகள் வந்தால், சின்னச் சின்னதாகப் பல மரு ஒட்டிக்கொண்டு மொசைக் தரை மாதிரி பரவும், வலி அவ்வளவாக இருக்காது. அந்தக் கறுப்புப் புள்ளிகளை வேர் என்று நினைத்துத் தோண்டாதீர்கள், அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். ஆணி என்றால் பாதத்தின் ரேகை அதன் மேலேயே ஓடும், மரு என்றால் ரேகை விலகிப் போகும். பக்கவாட்டில் கிள்ளினால் வலிப்பது மரு, நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி.

[திரையில்: விரல்கள், பிறகு முகம்]

விரலில் சொரசொரவென்று பூக்கோசு மாதிரி வருவதும் பெரும்பாலும் 2, 27, 57, அப்புறம் 4. முகத்திலும் புறங்கையிலும் தட்டையாக, தோல் நிறத்திலேயே தெரிவது 3, 10. ஷேவ் செய்யும்போது பிளேடு போன பாதையிலேயே வரிசையாக முளைக்கும், பலர் பரு என்று நினைத்துச் சொறிந்து இன்னும் பரப்பிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது 7-ஆம் வகை. கறிக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் நாள் முழுக்க ஈரக் கையோடு கத்தி பிடிப்பவர்களின் கைகளில்தான் இது அதிகம். ஆட்டிடமிருந்தோ மீனிடமிருந்தோ வருவதில்லை, இது மனித வைரஸ். ஊறிப்போன தோலும் சின்னச் சின்ன வெட்டுக்காயங்களும் அதற்கு வாசல் திறந்து விடுகின்றன. அந்த அண்ணன்மார் கையைப் பார்த்து முகம் சுளிக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் பார்த்தவுடன் எண்ணைச் சொல்லிவிட முடியாது. இடமும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் உருவத்தை மாற்றும், சாதாரண மருவுக்கு வகை தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஹெச்.பி.வி என்றதும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நினைவுக்கு வந்து பயப்படுகிறவர்கள் உண்டு. அதற்கு முக்கியக் காரணமான 16, 18 வேறு வகைகள், கை கால் மருவை உண்டாக்குபவை அவை அல்ல.

கோவிலில் உப்பு, மிளகு போட்டால் மரு உதிரும் என்று நம் ஊரில் வேண்டிக்கொள்வார்கள். போடுங்கள், அதில் கெடுதல் இல்லை, குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். ஊதுபத்தியால் சுடுவது, சுண்ணாம்பு வைப்பது, குதிரை முடியால் இறுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், தழும்பும் சீழும்தான் மிஞ்சும். சாலிசிலிக் ஆசிட் மருந்தைப் பொறுமையாக வாரக்கணக்கில் போட வேண்டும், இல்லையென்றால் தோல் டாக்டர் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார். சர்க்கரை நோய் இருப்பவர்கள் பாதத்தில் எதையும் தாங்களாகவே போடக் கூடாது, கடையில் வாங்கும் கால் ஆணி பிளாஸ்டர் உட்பட.