ஏடும் கிணற்றடியும்: ஜோர்ஜ் தொம்சனின் கிரேக்க ஆய்வு

மதிப்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே, இம்மண்டபத்தை மனமுவந்து அளித்த கல்லூரி அதிபர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியப் பெருமக்களே, இடமின்றிச் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய பீடாதிபதி அவர்கள் என்னைக் கிரேக்கப் பண்டிதர் என்று குறிப்பிட்டது அவருடைய பெருந்தன்மை என்பதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் ஆய்வு வாழ்வை மூன்று பகுதிகளாகச் சொல்ல எண்ணியுள்ளேன்: அயர்லாந்தில் அவர் கற்றது, பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலசின் நாடகங்களில் அவர் கண்டது, கிரேக்கத் தத்துவத்தின் தோற்றத்துக்கும் நாணயப் புழக்கத்துக்கும் இடையே அவர் காட்டிய தொடர்பு.

1903 இல் இலண்டனில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கிரேக்கம் பயின்ற தொம்சன், 1923 இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பெரிய பிளாஸ்கெட் தீவுக்கு ஐரிஷ் மொழி கற்கச் சென்றார். பழங்கிரேக்கக் காவியக் கவி ஹோமரை அச்சுப் புத்தகத்தில் அசை பிரித்துப் படித்தவர், பேச்சே பாட்டாக மாறும் ஓர் ஊரை அங்கே கண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதை அவருக்கு உணர்த்தியவர்கள் அந்த மீனவர்களே.

அவரே எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு மாலை ஊருக்குள் உலாவிக்கொண்டிருந்தவர் கிணற்றடிக்கு வருகிறார். பழக்கமான மூதாட்டி ஒருத்தி வாளிகளை நிரப்பி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி நிற்கிறாள். கணவன் இறந்துவிட்டான், ஏழு மகன்மாரும் அமெரிக்கா போய்விட்டார்கள். அவர்களுள் ஒருவன், "அம்மா, இங்கே வந்துவிடு, பயணக் காசு அனுப்புகிறேன்" என்ற பொருளில் சில நாள்களுக்கு முன் கடிதம் எழுதியிருக்கிறான். அதைச் சொல்லத் தொடங்கியவள், எரிபொருளுக்காக மலையேறி இறங்கும் சிரமத்தையும், கோழிகளைப் பறிகொடுத்ததையும், புகை மண்டிய இருட்டு வீட்டையும் சொல்கிறாள். தெருவிலேயே பொன் கிடக்கும் என்று தான் எண்ணியிருக்கும் அமெரிக்காவைச் சொல்கிறாள். கோர்க் நகருக்குப் போகும் ரயிலையும் பெருங்கடலையும் சொல்லி, தன் எலும்பு அயர்லாந்து மண்ணிலேயே கிடக்க வேண்டும் என்கிறாள். சொல்லச் சொல்ல உணர்ச்சி ஏறுகிறது, சொற்கள் சந்தத்தில் விழுகின்றன, உடல் தாலாட்டுவது போல அசைகிறது. பிறகு சிரித்துக்கொண்டே வாளிகளைத் தூக்கி, விடைபெற்றுப் போய்விடுகிறாள். எழுத்தறியாத அந்தக் கிழவியின் பேச்சில் கவிதைக்குரிய இயல்புகள் எல்லாம் இருந்தன என்கிறார் தொம்சன். நம் ஊர் இழவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

1931 முதல் 1934 வரை அயர்லாந்தின் கால்வே நகரில் ஐரிஷ் மொழியிலேயே கிரேக்கம் கற்பித்த அவர், 1937 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியரானார். ஈஸ்கிலசின் ஒரெஸ்தேயா நாடகங்களை 1938 இல் பதிப்பித்தார். 1941 இல் ஈஸ்கிலசும் ஏதென்சும் பற்றிய நூல் வெளிவந்தது. இரத்தப் பழிக்குப் பழி என்னும் குலவழக்கு, நீதிமன்றத் தீர்ப்புக்கு வழிவிடும் வரலாற்றை அந்த நாடகங்களில் அவர் கண்டார். மார்க்சியரான அவர், நாடகத்தின் வேரைப் பழங்குடிச் சடங்குகளில் தேடினார்; சில இடங்களில் சான்றைக் கோட்பாடு முந்திக்கொள்கிறது என்பது என் கருத்து.

அவரிடம் 1960களில் ஆய்வு செய்தவர் நம் பேராசிரியர் கைலாசபதி. சங்க வீரப்பாடல்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டு, பாணர் மரபின் வாய்மொழித் தன்மையை ஆராய்ந்த அவரது நூலை 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. பிளாஸ்கெட் தீவு அமைந்த கேரி மாவட்டக் கரையோரத்துக் கிணற்றடி புறநானூறு வரை வந்து சேர்ந்த வழி இதுதான்.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தத்துவமும் நாணயமும் பற்றிய பகுதியை விட்டுவிடுகிறேன். ஏனெனில் எங்கே பேசினாலும் நான் கேட்கும் ஒன்றை இங்கும் கேட்டாக வேண்டும். பிளாஸ்கெட் தீவின் கடைசிக் குடிகள் 1953 இல் வெளியேறினார்கள். யூகோஸ்லாவியாவின் காவியப் பாடகர்களை மில்மன் பாரி என்ற ஹோமர் அறிஞர் 1930களில் அலுமினியத் தட்டுகளில் பதிந்து வைத்ததால், அவர்கள் குரல் இன்றும் ஹார்வர்டில் இருக்கிறது. நம் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் எத்தனை பேருடைய குரல் எங்கே இருக்கிறது? ஏட்டுச் சுரைக்காயைத்தான் பட்டமளித்துப் பாராட்டுகிறோம். அதிபர் அவர்களே, நூலகத்தின் மேல்மாடியில் ஓர் அறையைத் தாருங்கள். ஒலிப்பதிவுக் கருவிக்கு உரிய பணத்தைப் பழைய மாணவர் சங்கத்திடம் நானே கேட்டுப் பெறுகிறேன். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர்கள், பாடியவரின் சம்மதத்தோடு, பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்ற விவரங்களுடன் ஆளுக்கொரு பாட்டைப் பதிந்து வரட்டும். வரும் தவணையிலேயே தொடங்கலாம்.